நெடுமாறன் போட்ட ஃபயர்வால்

நெய்வேலிக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகக் காட்ட மூன்று விஷயங்கள் உண்டு. சுரங்கம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, குவார்ட்டர்ஸுக்குக் குவார்ட்டர்ஸ் காய்த்துத் தொங்கும் பலா. நான்காவதாக ஒன்றும் உண்டு. அதை யாரும் காட்ட வேண்டியதில்லை, அதுவே வந்துவிடும். உங்கள் வீட்டுக் கணினி லேசாக முனகினால் போதும், அடுத்த வரிசையிலிருந்து செருப்புச் சத்தம் கேட்கும். பெயரில்லாத ஒருவரைக் கேலி செய்வது கஷ்டம் என்பதால், இந்த இனத்துக்குச் 'செட்டிங்ஸ்காரர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

செட்டிங்ஸ்காரரை அடையாளம் காண்பது சுலபம். கணினிக் கடைக்காரரிடம் போனால் "என்ன ப்ராப்ளம்?" என்று கேட்பார். செட்டிங்ஸ்காரர் அப்படிக் கேட்கமாட்டார். "கடைசியா யார் கை வெச்சது?" என்பார். நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பே குற்றவாளி யாரென்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, நீங்கள் திறந்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடி, "இத்தனையும் எதுக்குத் தொறந்து வெச்சிருக்கீங்க?" என்று தலையை ஆட்டி, ஒருமுறை அணைத்து, ஒருமுறை போட்டு, அது உயிர் பெறுவதற்குள் ஒரு டீ குடித்து, டீயில் சர்க்கரை தூக்கல் என்று சொல்லி, கடைசியில் நல்ல மனிதர் எவரும் போகாத ஏதோ ஒரு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் ஒரு டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு டிக்கைப் போடுவார். சரியாகிவிட்டதா? யார் கண்டது. "இனிமே வராது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

வரும்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சில இனங்களை உள்ளேயிருந்து பார்த்தால்தான் இத்தனை நுணுக்கமாகத் தெரியும். அதற்கு மேல் இப்போதைக்குச் சொல்வதற்கில்லை.

நாம் எடுத்துக்கொண்டிருக்கும் ஆள் நெடுமாறன். சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷனில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், இருபத்தேழு வருஷ சர்வீஸ், பெர்மனென்ட். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட் திடீரென்று நின்றால் நெடுமாறனைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே அவர் கெட்டிக்காரர். அதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. வில்லங்கம் எங்கே வந்ததென்றால், பெல்ட்டுக்குள்ளும் கரண்டு ஓடுகிறது, கணினிக்குள்ளும் கரண்டு ஓடுகிறது, ஆகவே இரண்டும் தன் டிபார்ட்மென்ட்தான் என்று ஒருநாள் அவராகவே முடிவு செய்துவிட்டார்.

அவருடைய முதல் நோயாளி, பக்கத்து குவார்ட்டர்ஸ் பிராங்க்ளின். அதே செக்‌ஷன், வயதில் சின்னவர். பிராங்க்ளின் வீட்டு பிரிண்டர் ஒருநாள் அச்சடிக்க மறுத்தது. நெடுமாறன் போய்ப் பார்த்து ஃபயர்வாலை மாற்றியமைத்தார். ஃபயர்வால் என்றால் என்ன என்று பிராங்க்ளின் மனைவிக்கு விளக்கமும் சொன்னார். "நம்ம டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட்டுல செக்யூரிட்டி நிக்கறாரில்லம்மா, அதே வேலதான். பாஸ் இருக்கறவன உள்ள விடும், இல்லாதவனத் திருப்பி அனுப்பும்." அந்த அம்மாள் தலையாட்டினார். அதற்கப்புறம் ஏழு வருஷத்தில் எத்தனையோ தடவை. ஒவ்வொரு முறையும் நான்கு நாள் கழித்து, "எப்பிடிப்பா ஓடுது?" என்று நெடுமாறன் கேட்பார். "நீங்க பாத்ததுல இருந்து நல்லா ஓடுதுண்ணே" என்பார் பிராங்க்ளின். இந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டே நெடுமாறன் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்.

சொந்த வீட்டுக் கணினியை அவர் எப்படி வைத்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். தேதி, நேரம், யார் உட்கார்ந்தது, என்ன வேலை, கோளாறு வந்தால் அதற்குக் காரணம், கையெழுத்து. ரேஷன் கார்டு நகல் எடுக்க உட்கார்ந்தாலும் கையெழுத்துப் போடாமல் அவர் மனைவி உமாராணி எழுந்திருக்க முடியாது. அப்புறம் ஒரு சிவப்பு அட்டை. பழைய காலண்டர் அட்டையில் சிவப்புத் தாள் ஒட்டி, 'வேலை நடக்கிறது, தொடாதே' என்று எழுதி, மேலே ஒரு கொக்கி.

சுரங்கத்தில் இந்த அட்டை விளையாட்டுச் சாமான் இல்லை. லைனில் ஓர் ஆள் வேலை செய்கிறார் என்றால் சுவிட்சில் அவர் பெயர் போட்ட அட்டை தொங்கும். மாட்டியவர்தான் வந்து கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் வேறு யாரும் தொடக் கூடாது. அந்த விதியால் முழு உடம்போடு வீடு திரும்பியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். நெடுமாறனின் மகள் ஹரிணி நடக்கப் பழகும்போதே அதையும் பழகியவள். மிக்ஸியில் அந்த அட்டை தொங்கினால் அன்று வீட்டில் சட்னி கிடையாது.

ஹரிணி பி.இ. முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்று கம்பெனிகளின் தேர்வை எழுதி, மூன்றிலும் நூலிழையில் போயிற்று. நான்காவது தேர்வு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கம்பெனி கொடுத்த மென்பொருளை ஏற்றி, முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட ஒரே கணினியில்தான் எழுத வேண்டும். பத்து மணியிலிருந்து பதினொன்றுக்குள் உள்ளே போய்விட வேண்டும். பதினொன்று அடித்தால் கதவு மூடிவிடும். திரும்ப எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். புதன்கிழமையே மென்பொருளை ஏற்றிச் சோதித்தாள். ஓடியது. ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டாள்.

மகளுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று மகளைவிட அப்பாவுக்குத்தான் தவிப்பு. சுரங்கத்துக்குப் போகும் வழியில் இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார். ஒரு தகப்பன் அதோடு நின்றிருப்பான். செட்டிங்ஸ்காரர் நிற்பாரா? வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, உமாராணி அசந்த நேரம் பார்த்து கணினி முன்னால் உட்கார்ந்தார். நாளைக்குத் தேர்வு நடுவில் எந்தச் சனியனும் குறுக்கே வரக் கூடாது என்று நினைத்தார். பெரிய வேலைக்கு முந்தின நாள் மெஷினை ஒரு பார்வை பார்த்து வைப்பதுதான் முறை. அதற்கு ப்ரிவென்டிவ் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கிற பொருளை அது ஓடுகிற ஒரே காரணத்துக்காகக் கழற்றிப் பார்ப்பது.

ஒரு மணி நேரம் பார்த்தார். திருப்தியாக எழுந்தார். ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஹரிணி மென்பொருளைத் திறந்தாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை, உங்கள் ஃபயர்வாலைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி வந்தது.

ஃபயர்வால் என்ற சொல் திரையில் வந்ததும் நெடுமாறன் அடுக்களையிலிருந்து தோசையோடு வந்துவிட்டார். "எழுந்திரும்மா" என்றார். கையைத் துடைத்தார். அட்டையை எடுத்து மானிட்டரில் மாட்டினார். கேட்டார்:

"கடைசியா யார் கை வெச்சது?"

"நான் புதன்கெழம வெச்சதுதாம்ப்பா. அப்ப ஓடுச்சு."

"அப்ப ஓடுச்சுன்னா இப்ப ஏன் ஓடல?"

இது எவ்வளவு நல்ல கேள்வி என்பது அவருக்குத் தெரியவில்லை. கேள்வி என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் இருப்பது இந்த இனத்தின் தனித்திறமை.

முதலில் மோடத்தை அணைத்துப் போட்டார். கேபிளைப் பிடுங்கி, ஊதி, செருகினார். பிரவுசரைத் திறந்தார், உலகத்தில் உள்ள எல்லாப் பக்கமும் வந்தது. "நெட்டு இருக்குது. அப்ப நம்ம பக்கம் கோளாறு இல்ல. அவன் சர்வர்தான் படுத்துடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். ஹரிணி அதே தேர்வை எழுதும் தோழியின் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டாள். தோழி பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கே உள்ளே போய், போனை அணைத்துவிட்டாள் என்று தோழியின் அம்மா சொன்னார். சர்வர் எழுந்து உட்கார்ந்துதான் இருந்தது.

சரி என்று ஃபயர்வாலைத் திறந்தார். அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் அந்த மென்பொருளின் பெயரும் இருந்தது, எதிரே டிக்கும் இருந்தது. "பாரு, பாஸு கரெக்டா இருக்குது" என்று திரையைத் தட்டிக் காட்டினார். அந்தப் பாஸ் உள்ளே வருவதற்கு மட்டும். வெளியே போகிற வழியை வேறொரு பக்கத்தில் யாரோ மொத்தமாக அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை. ஏன் திறக்க வேண்டும்? அங்கே வேலை நன்றாக நடந்திருந்தது அவருக்குத் தெரியும்.

மணி பத்து முப்பத்தைந்து. கணினியை அணைத்துப் போட்டார். அது மெதுவாக எழுந்து, மெதுவாகக் கண் விழித்து, மறுபடி அதே வரியைக் காட்டியது. பிராங்க்ளின் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்று, "என் போன் ஹாட்ஸ்பாட் வேணும்னா போடட்டுமாண்ணே?" என்றார். போட்டார்கள். அடைத்திருப்பது கணினிக்குள்ளே, யார் போனில் கொடுத்தால் என்ன? அதே வரி.

ஹரிணி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண் திரையில் ஒரு மூலைக்கும், மானிட்டரில் தொங்கிய சிவப்பு அட்டைக்கும் போய்ப் போய் வந்தது. அவளுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ஆனால் அட்டை தொங்குகிறதே. இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த அட்டையை மீறியதில்லை.

பத்து நாற்பத்தி நான்குக்கு உமாராணி சமையலறை வாசலிலிருந்து பேசினார். அவர் நெய்வேலிக்கு அடுத்த வடக்குத்து கிராமத்துக்காரர், கோபம் வந்தால் குரல் உயராது, தாழும்.

"ஏங்க, மந்தாரக்குப்பம் கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஒரு போன் போடட்டுங்களா? போன்லயே சொல்லிடுவாரு."

"கடக்காரனுக்கு இன்னா தெரியும்? கழட்டி மாட்டத் தெரியும். இத்தினி வருசமா பிராங்க்ளின் பொட்டிய யாரு பாத்துக்கினு இருக்கறது? அவன் இங்கதான நிக்கறான், கேளு."

பிராங்க்ளின் வாசலிலிருந்து ஒரு படி இறங்கினார்.

"அவுரு பொட்டிய அந்தக் கடக்காரருதாங்க பாக்கறாரு" என்றார் உமாராணி. "நீங்க போயி பாத்துட்டு வந்தாக்கா, மறுநாளு பொட்டியத் தூக்கி வண்டியில வெச்சிக்கினு அவுரு அங்கதான் போவாரு. அவுரு மட்டுமில்ல, இந்த வரிசையே அங்கதான் போவுது. உங்க மனசு நோவக் கூடாதுன்னு யாரும் சொல்லல. நானும் சொல்லல. இன்னிக்கி என் பொண்ணு நின்னுக்கினு இருக்கா."

நெடுமாறன் பிராங்க்ளினைப் பார்த்தார். பிராங்க்ளின் பலா மரத்தைப் பார்த்தார்.

அந்த நிமிஷத்தில் நெடுமாறன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஏழு வருஷம். எத்தனை வீட்டு டீ, எத்தனை "இனிமே வராது". ஒவ்வொரு வீட்டிலும் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசியிருப்பார்கள் என்று தோன்றியது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. பெல்ட்டின் அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும், இந்த இனத்தின் பெருமையைப் பாருங்கள், அப்போதும் அவர் கை மவுஸை விடவில்லை.

ஹரிணி ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினாள். கடைசி வரி புதன்கிழமை, அவள் கையெழுத்து. அதற்குக் கீழே வெற்றுக் கோடு.

"அப்பா" என்றாள். "நேத்து மத்தியானம் ஒங்க நாற்காலி சத்தம் கேட்டுச்சே. நீங்க எதுவும் எழுதலையே?"

ஊருக்கெல்லாம் ரிஜிஸ்டர் வைத்தவர், தான் உட்கார்ந்ததை எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. கை வைப்பவர்கள் எழுத வேண்டும். அவர் கை வைப்பதில்லையே, பார்த்துக்கொள்கிறார் அல்லவா.

"ப்ரிவென்டிவ்" என்றார் நெடுமாறன், திரையைப் பார்த்தபடி.

"வெளிய போற பக்கத்த அடைச்சீங்களாப்பா?"

"பிரவுசருக்கு மட்டும் வழி வுட்டேன்." மவுஸை நகர்த்திக்கொண்டே, "பரீட்சை நடுவுல எதுவும் வந்துடக் கூடாதேன்னு…" என்றார். அதற்குப் பின் அதில் உள்ள நன்மைகளை விளக்க வாயெடுத்தார். வெளியே போவதை அடைத்தால் திருட்டு மென்பொருள் எதுவும் தகவலைக் கடத்த முடியாது, பெரிய ஆபீஸ்களில் எல்லாம் இப்படித்தான்…

"எழுந்திருங்கப்பா."

மணி பத்து ஐம்பது.

வாசகரே, செட்டிங்ஸ்காரரின் வாழ்க்கையில் எத்தனையோ கடினமான வேலைகள் உண்டு. மறந்துபோன பாஸ்வேர்டு, வேறு மொழிக்கு மாறிவிட்ட திரை, தலைகீழாக நிற்கும் படம். இவற்றையெல்லாம் அவர் அனாயாசமாகக் கடந்துவிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது மட்டும் அவரால் முடியாது. தப்பு தன்னுடையது என்று தெரிந்த பிறகு எழுந்திருப்பது அதைவிட முடியாது. ஏனென்றால் இப்போதுதான் அவருக்கு எப்படிச் சரிசெய்வது என்று புரிந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் கொடுத்தால் சரிசெய்து, சரிசெய்தவரும் தானே ஆகிவிடலாம்.

நெடுமாறன் மகள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மூன்று தேர்வு போனபோதும் அவள் அழவில்லை. இப்போது அழாமலிருக்க அவள் படும் பாடு அவருக்குத் தெரிந்தது. எழுந்தார். மானிட்டரிலிருந்து அட்டையைத் தன் கையாலேயே கழற்றினார். இருபத்தேழு வருஷமாக அட்டையைக் கழற்றும்போது சொல்லும் வார்த்தைகள் வாயில் வந்தன.

"வேல முடிஞ்சுது. ஆளுங்க வெளிய வந்துட்டாங்க. லைன் உன்னுது" என்றார்.

ஹரிணி உட்கார்ந்தாள். வெளியே போகிற பக்கத்தைத் திறந்து அடைப்பை எடுக்க நாற்பது வினாடி. வட்டம் ஒருமுறை சுற்றி நின்றது. தேர்வைக் கண்காணிக்கும் கேமராவில் அவள் முகம் திரையின் மூலையில் தெரிந்தது. பத்து ஐம்பத்து இரண்டு.

அடுத்த இரண்டு மணி நேரம் நெடுமாறன் வாசல் கேட்டில் நின்றார். காலிங் பெல் பக்கம் யாரையும் விடவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைத் தெருமுனையிலேயே மடக்கினார், கீரைக்காரம்மாவைச் சைகையால் அனுப்பினார், குரைக்கலாமா என்று யோசித்த ஒரு நாயிடம் கையெடுத்துக் கும்பிட்டார். நடுவில் ரிஜிஸ்டரை மடியில் வைத்து, விட்டுப்போன வெள்ளிக்கிழமை வரியை எழுதினார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். 'கோளாறுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். 'தெரியவில்லை, தானாகச் சரியானது' என்று எழுதினார். செக்‌ஷனில் பாதிக் கோளாறுகள் அப்படித்தான் தீர்கின்றன, ரிஜிஸ்டரின்படி. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதை அடித்து, 'நெ.மா.' என்று தன் பெயரின் சுருக்கத்தைப் போட்டார்.

புதன்கிழமை ஹரிணிக்கு மெயில் வந்தது. அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நெடுமாறன் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். வியாழக்கிழமை கேன்டீனில் அவர் நான்கு பேரை உட்கார வைத்து, "எம்பொண்ணு பரீட்சைக்கி நாந்தான் ஃபயர்வாலு செட் பண்ணிக் குடுத்தேன். நடுவுல ஒரு தடங்கல் வரணுமே" என்று ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே எதிரில் பார்த்தார். பிராங்க்ளின் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாகப் பார்த்த அதே முகம்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுதான் படிக்க முடிந்தது. கதை பாதியில் நின்றது.

"உன் பொட்டி எப்பிடிப்பா ஓடுது?" என்று கேட்டார்.

"நல்லா ஓடுதுண்ணே" என்றார் பிராங்க்ளின், கொஞ்சம் தயங்கி. "நீங்க பாத்ததுல இருந்து."

"சரி" என்று சொல்லிவிட்டு நெடுமாறன் டீயைக் குடித்தார்.

அவர் கதை அவ்வளவுதான். நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் சித்தப்பாவோ, மாமனாரோ, மேல்மாடிக்காரரோ ஞாபகத்துக்கு வந்திருப்பார். வரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோது, 'உள்ளே வருகிற பக்கத்தைப் பார்த்தார், வெளியே போகிற பக்கத்தைப் பார்த்தாரா?' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? 'ஆன்டிவைரஸை முதலில் அணைத்துப் பார்த்திருக்கலாமே' என்று ஒரு விரல் லேசாகத் துடித்ததா இல்லையா? ஒரு பெண்ணின் ஒரு வருஷம் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் செட்டிங்ஸ் பக்கத்தில் இருந்தீர்கள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் என் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அதில் எதுவும் திறக்கவில்லை. ஆகவே தயவுசெய்து மெதுவாகத் தலையைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் உங்கள் வீட்டு மனிதர் ஒருவர் வெகுநேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு விடை தெரியும். மரியாதைக்காகச் சும்மா இருக்கிறார்.